எழுபத்தெட்டுச் சீட்டும் ஒரு கையெழுத்தும்



மாதத்தில் ஒரு தடவை இந்த நேரத்தில் வந்து வருமான வரி, ஓய்வூதியம், வீட்டுக் கடன் என்று உங்களைக் களைக்கப் பண்ணுகின்ற அதே குரல்தான் பேசுகின்றது. இன்று கொஞ்சம் வேறு பக்கம் போகப் போகின்றேன். பேச்சின் பொருள் டாரோ சீட்டு. ஆங்கிலத்தில் கடைசியில் ஒரு ‘ட்’ எழுதுவார்கள், ஆனால் உச்சரிப்பதில்லை. எதிர்காலம் சொல்வதற்கென்று விரித்து வைப்பார்களே, அந்தப் படச் சீட்டுக் கட்டு.

பயப்பட வேண்டாம். நான் சாத்திரம் சொல்ல வரவில்லை. எதிர்காலத்தைப் பற்றி எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்த ஒரே திகதி ஜனவரி 31. அன்றைக்கு முன் உங்கள் வரிப் படிவம் போய்ச் சேரவேண்டும். இன்று நான் பேசப் போவது, ஒருவர் கையால் வரைந்த ஓவியம் எப்படி அச்சடித்த சீட்டாக மாறுகின்றது, மாறும்போது காசு யாருடைய கைக்குப் போகின்றது, மூல ஓவியம் கடைசியில் யாருடைய வீட்டில் இருக்கின்றது என்பதைப் பற்றி. ஒரு கணக்காளனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் நேயர் குடும்பம் ஒன்றின் காரியமாக இந்த விசயத்துக்குள் இறங்கவேண்டி வந்தது. அதைப் பின்னால் சொல்கின்றேன். முதலில் சீட்டின் கதை.

டாரோ கட்டில் 78 சீட்டுகள். அதில் 56 சீட்டுகள் எங்களுக்குத் தெரிந்த சாதாரணக் கட்டைப் போல நான்கு இனமாகப் பிரிந்திருக்கும்: கிண்ணம், கோல், வாள், நாணயம். மிச்சம் 22 சீட்டுகள் தனிப்பட்ட படங்கள். முட்டாள், பேரரசி, துறவி, கோபுரம், நிலவு, சூரியன் என்று போகும். இது தொடக்கத்தில் சாத்திரச் சீட்டே அல்ல. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுவதற்காக உண்டானது. அந்த 22 படச் சீட்டுகளும் மற்றச் சீட்டுகளை வெட்டுகின்ற சீட்டுகள். இத்தாலியர் அவற்றை ‘திரியோன்ஃபி’, அதாவது வெற்றிகள் என்றார்கள். ஆங்கிலத்தில் ‘ட்ரம்ப்’ என்ற சொல் அந்த வழியில் வந்ததுதான். ஊரில் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் விடிய விடிய 304 அடித்தவர்களுக்கு ‘துரும்பு’ என்ற சொல்லை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. காதில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு தூரம் நடந்து வந்த சொல் என்று தெரியும். (304 என்பது ஏன் 304 என்று இளம் பிள்ளைகள் கேட்பதுண்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76. நான்கு இனத்துக்கும் பெருக்குங்கள். நான் படித்த முதல் கணக்கியல் அதுதான்.)

மிலான் நகரை ஆண்ட குடும்பத்துக்காக 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கையால் வரைந்த ஒரு கட்டு இன்றும் இருக்கின்றது. விஸ்கொந்தி-ஸ்ஃபோர்சா என்று அதற்குப் பெயர். பொன் தகடு ஒட்டி வரைந்தது. அதில் 74 சீட்டுகள் தப்பியிருக்கின்றன. நியூயோர்க்கில் மோர்கன் நூலகத்தில் ஒரு பங்கு, இத்தாலியில் பேர்கமோ நகரில் ஒரு பங்கு, மிச்சம் தனியார் கையில். பிரபுக்களுக்கு ஒரு கட்டுப் போதும். ஆனால் சனங்கள் விளையாடவேண்டும் என்றால் அச்சு வேண்டும். அச்சு வந்த பிறகுதான் சீட்டு ஐரோப்பா முழுவதும் பரவியது. சாத்திரம் சொல்கின்ற கதை வெகு பிந்தி வந்தது. 1781இல் பிரான்சில் கூர் த ஜெபலன் என்பவர் இது பழைய எகிப்தியரின் இரகசிய நூல் என்று எழுதிவிட்டார். ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கதை பிடித்துக்கொண்டது.

இனி லண்டனுக்கு வருவோம். இன்று உலகத்தில் எந்தக் கடையில் டாரோ சீட்டைக் கண்டாலும் அது பெரும்பாலும் 1909ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்த ஒரு கட்டின் பிள்ளையாகவோ பேரப்பிள்ளையாகவோ இருக்கும். வெளியிட்டது வில்லியம் ரைடர் அண்ட் சன் என்ற பதிப்பகம். திட்டத்தை வகுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்ற எழுத்தாளர். அதனால் ‘ரைடர்-வெயிட்’ கட்டு என்று பெயர் வந்தது. பதிப்பாளருடைய பெயர் இருக்கின்றது, எழுத்தாளருடைய பெயர் இருக்கின்றது. படம் வரைந்தவருடைய பெயர் எங்கே?

வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. 1878இல் லண்டன் பிம்லிக்கோவில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். பிள்ளைப் பருவத்தில் சில காலம் யமேக்காவில் வளர்ந்தார். நியூயோர்க் புரூக்லினில் பிராட் கலைக் கல்லூரியில் படித்தார், பட்டம் எடுக்காமல் வெளியேறினார். யமேக்காவின் நாட்டுப்புறக் கதைகளைத் தானே எழுதிப் படம் போட்டு 1899இல் புத்தகமாக்கினார். சாதாரண ஆள் இல்லை. அல்பிரெட் ஸ்டீக்லிட்ஸ் என்ற பேர்பெற்ற புகைப்படக் கலைஞர் நியூயோர்க்கில் நடத்திய கலைக்கூடத்தில் முதன்முதல் புகைப்படம் அல்லாத கண்காட்சி என்று 1907இல் வைத்தது இவருடைய ஓவியங்களைத்தான்.

அதுவரை டாரோக் கட்டுகளில் பெரும்பாலும் அந்த 22 சீட்டுக்கும் அரச சீட்டுகளுக்கும்தான் படம் இருக்கும். ஐந்து கிண்ணம் என்றால் வெறுமனே ஐந்து கிண்ணத்தை அடுக்கி விடுவார்கள். ஸ்மித் அம்மையார் 78 சீட்டுக்கும் படம் வரைந்தார், பெரும்பாலானவற்றில் ஆட்களையும் நிகழ்ச்சியையும் வைத்தார். ஐந்து கிண்ணத்தில் கறுப்புப் போர்வை போர்த்த ஒருவர் கவிழ்ந்து கிடக்கின்ற மூன்று கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றார். பின்னால் இரண்டு கிண்ணம் நிமிர்ந்து நிற்பது அவருக்குத் தெரியவில்லை. சாத்திரத்தில் நம்பிக்கை இல்லாதவரும் அந்தப் படத்தை இரண்டாம் தரம் பார்ப்பார். 1909ஆம் ஆண்டின் சில மாதங்களுக்குள் இவ்வளவும் வரைந்து முடித்தார்.

அந்த ஆண்டு நவம்பரில் ஸ்டீக்லிட்சுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று மிஞ்சியிருக்கின்றது. பெரிய வேலை ஒன்றை மிகச் சொற்பக் காசுக்கு முடித்திருக்கிறேன், டாரோக் கட்டுக்கு 80 படங்கள் என்ற கருத்தில் எழுதியிருக்கின்றார். அச்சு அநேகமாக மோசமாகத்தான் வரும் என்றும் சொல்கின்றார். மூல ஓவியங்களில் சிலவற்றை அனுப்புகிறேன், யாரும் விரும்பக்கூடும் என்றும் சொல்கின்றார். கட்டு டிசம்பரில் வெளிவந்தது.

அவ்வளவுதான் நேயர்களே, அவருடைய வரவுப் பக்கம் அத்தோடு முடிந்தது. கட்டு விற்கும்போது விற்பனையில் ஒரு பங்கு என்ற ஏற்பாட்டின் தடயம் எதுவும் இல்லை. மூல ஓவியங்கள் எங்கே போயின என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. 1951 செப்டெம்பரில் கோர்ன்வோலில் பியூட் என்ற கடற்கரை ஊரில் கடனோடு இறந்தார். அவருடைய பொருட்களை விற்றுக் கடனுக்குக் கட்டினார்கள். 1971இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அந்தக் கட்டை அச்சிடத் தொடங்கி உலகம் முழுவதும் விற்றபோது அவர் இறந்து 20 வருடம். வெளிவந்து நூறு ஆண்டு நிறைந்த 2009இல்தான் ‘ஸ்மித்-வெயிட்’ என்று அவருடைய பெயரை முன்னால் போட்டு ஒரு பதிப்பு வந்தது. பிரித்தானியச் சட்டத்தில் ஓவியரின் பதிப்புரிமை அவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 வருடம். அந்தக் கணக்கில் 2021 டிசம்பர் 31உடன் அதுவும் முடிந்தது. இப்போது யாரும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள்.

ஒன்று மட்டும் தப்பியது. ஒவ்வொரு படத்தின் கீழ்மூலையிலும் தன் பெயரின் மூன்று எழுத்தைப் பின்னிப் பாம்புக்குட்டி போல ஒரு கையெழுத்துப் போட்டிருந்தார். அதைப் படத்தின் கோடுகளோடு கோடாக உள்ளே வைத்து வரைந்தபடியால் எந்தப் பதிப்பாளராலும் எளிதில் வெட்ட முடியவில்லை.

இதற்கு மறுபக்கமாக இன்னொரு கட்டைச் சொல்லவேண்டும். லேடி ஃப்ரீடா ஹரிஸ், லிபரல் கட்சி எம்.பி. ஒருவருடைய மனைவி, அலிஸ்டர் குரோலி என்பவருக்காக 1938 முதல் 1943 வரை தோத் என்ற டாரோக் கட்டுக்கு ஓவியம் வரைந்தார். குரோலியைப் பற்றி இந்த வானொலியில் பேசாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது. ஓவியம் அருமையானது. நீர்வண்ணத்தில் ஒரு நிறத்துக்கு மேல் இன்னொரு நிறம் ஊடுருவித் தெரியும்படி வரைந்தவை. ஸ்மித் அம்மையார் தடித்த கறுப்புக் கோடும் தட்டையான நிறமும் வைத்தபடியால் அந்தக் காலத்துக் கல்லச்சு அதை ஓரளவு தாங்கியது. ஹரிஸ் வரைந்ததை அச்சுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு, செலவும் பெரிது, அதற்குள் யுத்தம். குரோலி 1947இலும் ஹரிஸ் 1962இல் காஷ்மீர் சிறிநகரிலும் இறந்து போனார்கள். சீட்டுக் கட்டு 1969இல்தான் வந்தது. அந்த அச்சும் திறமில்லை. ஆனால் மூல ஓவியங்கள் பத்திரமாக இருந்தன. லண்டன் பல்கலைக்கழகத்தின் வார்பர்க் நிறுவனத்தில் இன்றும் இருக்கின்றன. ஆகவே 1977இல் அவற்றைத் திரும்பப் படம் பிடித்து ஒழுங்காக அச்சிட முடிந்தது. ஸ்மித் அம்மையாரின் கட்டுக்கு அது முடியாது. அதைப் புதிதாக அச்சிடுகிறவர் எல்லோரும் பழைய அச்சுச் சீட்டைப் பார்த்துத்தான் அச்சிடவேண்டும், படியின் படி.

இனி எங்கள் நேயர் குடும்பத்துக்கு வருகின்றேன். அவர்களுடைய அனுமதியோடுதான் பேசுகின்றேன். இலக்கங்களைக் கணக்குச் சுலபத்துக்காகவும் அவர்களுடைய தனிப்பட்ட விசயத்துக்காகவும் மாற்றியிருக்கின்றேன்.

மகள் இங்கே பிறந்தவள், சித்திரக் கலை படித்தவள். தகப்பன் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து படிப்பித்தவர். மகள் ஏன் கணக்கியல் படிக்கவில்லை என்று என்னிடம் பல தடவை மனவருத்தப்பட்டவர். அவள் மூன்று வருடமாக வேலை முடிந்து வந்து இரவிலே 78 படமும் வரைந்து முடித்திருந்தாள். எல்லாம் எங்கள் ஊர். ஊரை அவள் கண்டது இரண்டே தரம், மிச்சம் அப்பம்மாவின் வாய்க்கதையும் பழைய படங்களும். கிண்ணத்துக்குப் பதில் செம்பு, கோலுக்குப் பதில் பனைமட்டை, வாளுக்குப் பதில் கொடுவாக்கத்தி, நாணயத்துக்குப் பதில் ஓட்டைச் சதம். துறவியின் கையில் அரிக்கன் லாம்பு. தேர்ச் சீட்டில் தட்டிவான், கூரையில் வாழைக்குலை. பதினாறாவது சீட்டு, கோபுரம், மின்னல் விழுந்து எரிகின்ற சீட்டு. அதற்கு அவள் யாழ்ப்பாணம் பொது நூலகத்தை வரைந்திருந்தாள்.

தகப்பனுக்கு இதொன்றும் பிடிக்கவில்லை. “கிளிச் சாத்திரக்காரன்ர வேலை. இதுக்கோ நான் நித்திரை முழிச்சனான்?” என்றார். ஆனால் நிறுவனம் ஒன்று இந்தப் படங்களைக் கட்டாக வெளியிட விரும்பி 1,500 பவுண் தருகிறோம் என்று ஒப்பந்தம் அனுப்பியதும் ஆள் கொஞ்சம் இளகிவிட்டார். கையெழுத்துப் போடமுதல் ஒருக்கால் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

பதினொரு பக்கம். குசினி மேசையில் வைத்து வாசித்தேன். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் 30 வருடமாக மற்றவர்களின் கடதாசிகளை வாசித்தே சாப்பிடுகிறவன். நான்கு இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். ஒன்று, உலகம் முழுவதற்கும் எல்லாக் காலத்துக்கும் சகல உரிமையும் நிறுவனத்துக்கு, விலை 1,500 பவுண், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. இரண்டு, மூல ஓவியங்கள் 78ஐயும் ஒப்படைக்க வேண்டும், அவை நிறுவனத்தின் சொத்து. மூன்று, படங்களைத் தேவைக்கேற்ப மாற்றலாம். நான்கு, ஓவியரின் பெயர் இடவசதியைப் பொறுத்துப் போடப்படும்.

நேயர்களே, காணிக் கதை என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும். ஆகவே தகப்பனுக்குக் காணியால்தான் விளங்கப்படுத்தினேன். “அண்ணை, உங்களிட்ட ஒரு வயல் இருக்கு. வயலின்ர உறுதி ஒண்டு. அதைக் குத்தகைக்கு விடுறது வேற. அதில விளையிற நெல்லு வேற. படம் உறுதி மாதிரி. அச்சடிக்கிற உரிமை குத்தகை. கடையில விக்கிற சீட்டுக்கட்டு நெல்லு. இவை குத்தகைக் காசைக் காட்டி உறுதியையும் கேக்கினம்.” அவர் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோதெல்லாம் காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவர். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் பிரிக்கின்றது. பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை வரைந்த உடனேயே உரிமை வரைந்தவருக்கு வந்துவிடும், எங்கும் பதியத் தேவையில்லை. படத்தை ஒருவருக்கு விற்றாலும் அச்சடிக்கின்ற உரிமை கூடவே போவதில்லை. அந்த உரிமையை முழுதாகக் கைமாற்றுவதென்றால் எழுத்தில் இருக்கவேண்டும், கொடுப்பவரின் கையெழுத்து வேண்டும். அதாவது நீங்கள் கையெழுத்து வைத்தாலொழிய அது போகாது. தன் பெயர் படத்தோடு வரவேண்டும் என்ற உரிமையும் சட்டத்தில் உண்டு, ஆனால் அதைக் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து கேட்கின்றவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்க்கவும்.

காசுக் கணக்கைப் பாருங்கள். கடையில் 25 பவுணுக்கு விற்கின்ற கட்டை நிறுவனம் கடைக்காரருக்கு அரை விலைக்குக் கொடுக்கும் என்று வையுங்கள். 12 பவுண் 50. அதில் நூற்றுக்கு 8 ஓவியருக்கு என்றால் கட்டுக்கு ஒரு பவுண். 3,000 கட்டு விற்றால் 3,000 பவுண். அதே 1,500 பவுணை விலையாக வாங்காமல் முற்பணமாக வாங்கினால், முதல் 1,500 கட்டோடு அது கழிந்துவிடும், அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டுக்கும் காசு வரும். கையில் அன்று கிடைப்பது இரண்டிலும் ஒரே 1,500தான். ஒப்பந்தத்தில் வித்தியாசம் ஒரு சொல். குத்தகைக்கும் ஒரு காலம் வேண்டும்: ஏழு வருடம் என்று வையுங்கள், அல்லது இரண்டு வருடம் அச்சில் இல்லாவிட்டால் உரிமை திரும்பவேண்டும்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தகப்பன் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் முழுதாகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பதினாறாவதில் கை நின்றது. 1981இல் அவருக்குப் பதினாறு வயது, அந்த நூலகத்தின் சிறுவர் பகுதியில் தொடங்கி வாசித்து வளர்ந்தவர். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “இதின்ர ஒரிஜினலையும் அவைக்குக் குடுக்கவேணுமோ?”

ஒப்பந்தப்படி ஓம் என்றேன்.

“அப்ப வேண்டாம்” என்றார். மகள்தான் அவரைச் சமாதானப்படுத்தி, வேண்டாம் என்று எழுதமுதல் கேட்டுப் பார்ப்போம் என்றாள். நான்கு விசயத்தையும் மரியாதையாக எழுதிக் கேட்டோம். பெயர் போடுகிறோம், மூல ஓவியத்தைத் திருப்பித் தருகிறோம் என்று பதில் வந்தது. ஒரே விலை, எல்லாக் காலத்துக்கும் என்பதில் மட்டும் அசையவில்லை. அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கின்றது. அச்சு, களஞ்சியம், விளம்பரம் எல்லாம் அவர்களுடைய முதல், விற்காவிட்டால் நட்டமும் அவர்களுடையது. ஆனால் மகள் கையெழுத்து வைக்கவில்லை. தானே 500 கட்டு அச்சிடுவதென்று முடிவெடுத்தாள்.

அப்போதுதான் அச்சுவேலையின் பாடு எனக்குத் தெரிய வந்தது. சாதாரண டாரோச் சீட்டு 70 மில்லிமீற்றர் அகலம், 120 உயரம். அவள் பெரும்பாலான படங்களை இதன் இரு மடங்கில், 140க்கு 240 என்று வரைந்திருந்தாள். நல்ல காரியம், சுருக்கும்போது கோடு கூர்மையாகும். ஆனால் தொடக்கத்தில் வரைந்த சில படங்கள் ஏ4 தாளில் இருந்தன. அந்தத் தாள் சீட்டைவிட அகலமான பொருத்தம். உயரத்தை முழுதாக வைத்தால் அகலத்தில் கிட்டத்தட்ட 37 மில்லிமீற்றர் வெட்டுப்பட்டுப் போகும். தட்டிவானின் பின்பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்த ஆள் காணாமல் போனார். தட்டிவானில் ஆள் தொங்காவிட்டால் அது என்ன தட்டிவான்? திரும்ப வரைந்தாள்.

பிறகு நிறம். கணினித் திரை ஒளியால் நிறம் காட்டுகின்றது, அச்சு நான்கு மையால் காட்டுகின்றது: நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. திரையில் பளிச்சென்று தெரிகின்ற செம்மஞ்சள் தாளில் மங்கிவிடும். கோயில் மதிலின் காவியும் செவ்வரத்தம்பூவின் சிவப்பும் அவளை இரண்டு மாதம் அலைக்கழித்தன. ஆகவே உண்மையாக அச்சிடப் போகின்ற அதே தாளில் மாதிரி அச்சு எடுத்துப் பார்க்காமல் ஒருபோதும் சம்மதம் சொல்லக்கூடாது. சீட்டின் ஓரத்தைச் சுற்றி 3 மில்லிமீற்றர் படம் கூடுதலாக இருக்கவேண்டும். வெட்டுகின்ற கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியும். மூலைகள் வட்டமாக வெட்டுப்படும், ஆகவே மூலையில் கையெழுத்து வைத்தால் போய்விடும். ஸ்மித் அம்மையாரைப் போல உள்ளே வைக்கச் சொன்னேன். அவள் ஏற்கெனவே அப்படித்தான் வைத்திருந்தாள். சீட்டின் முதுகு தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும், 78க்கும் ஒரே முதுகு. தாளின் நடுவில் கறுப்புப் படலம் வைத்த ஒரு வகை மட்டை இருக்கின்றது. வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியாது. 304இல் களவு விளையாடுகிறவர்களுக்கு அது உதவாது.

இனி என் பகுதி. மாறாச் செலவு, அதாவது எத்தனை கட்டு அடித்தாலும் மாறாதது: படங்களை ஸ்கான் பண்ணுதல், பெட்டி வடிவமைப்பு, சிறு விளக்கப் புத்தகம், மாதிரி அச்சு எல்லாம் சேர்த்து 2,400 பவுண். ஒரு கட்டு அச்சடித்து வீட்டு வாசலுக்கு வர 9 பவுண். விற்கும் விலை 32. தபால், பொதி, விற்பனைத் தளத்தின் கழிவு 8. மிச்சம் 15. 2,400ஐ 15ஆல் பிரித்தால் 160. வணிகப் பாடத்தில் இதைத்தான் சமவரவுப் புள்ளி என்று எழுதிப் புள்ளி வாங்குவோம்: 160 கட்டு விற்றால் நட்டம் இல்லை.

ஆனால் குசினி மேசையில் அந்தக் கணக்கு உதவாது. அச்சகத்துக்கு 500 கட்டின் காசையும் முன்கூட்டியே கட்டவேண்டும். 4,500. அதோடு 2,400. மொத்தம் 6,900 பவுண் கையைவிட்டுப் போகின்றது. ஒரு கட்டு விற்றால் கைக்கு வருவது 24. அந்த 6,900 திரும்பி வர 288 கட்டு விற்கவேண்டும். 160க்கும் 288க்கும் நடுவில்தான் கன சிறு வியாபாரங்கள் மூச்சுத் திணறுகின்றன. 500ம் விற்றால் 5,100 பவுண் மிச்சம். விற்காவிட்டால் கட்டிலுக்குக் கீழே பெட்டிகள். புத்தகத்துக்கு இந்த நாட்டில் வற் வரி பூச்சியம், சீட்டுக்கட்டுக்கு 20 வீதம். அவள் வற் பதிவு செய்யவேண்டிய அளவுக்கு இன்னும் வரவில்லை, ஆனால் அச்சகத்தின் விலைப்பட்டியலில் அது சேர்ந்திருக்கின்றதா என்று பார்க்கச் சொன்னேன். வருடத்தில் இப்படி வருகின்ற மொத்த வரவு 1,000 பவுணைத் தாண்டினால் வரித் திணைக்களத்துக்குச் சொல்லவேண்டும். இலாபம் அல்ல, வரவு.

6,900 பவுண் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பாதி முன்பதிவுக் காசு. மிச்சத்துக்குத் தாய் தன்னுடைய சீட்டை எடுத்தார். ஆம், நாங்கள் மாதா மாதம் கட்டுகின்ற அந்தச் சீட்டுத்தான். கடதாசி இல்லாமல் சீட்டுக் கட்டுவதைப் பற்றி என் கருத்தை நேயர்கள் பல வருடமாகக் கேட்டிருக்கிறீர்கள், இன்று விட்டுவிடுகின்றேன்.

மாதிரி அச்சு போன வாரம் வந்தது. 77 சீட்டு நன்றாக இருந்தன. பதினாறாவது மட்டும் கறுத்துப் போயிற்று. இரவு வானமும் புகையும் ஒன்றாகி, யன்னல்களுக்குள் அவள் வைத்த நெருப்பு அமுங்கிவிட்டது. தகப்பன் மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்து விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் மூன்றாவது யன்னல் தெரியவேணும், அது தெரியாமல் அடிக்கக்கூடாது என்றார். ஏன் மூன்றாவது யன்னல் என்று நான் கேட்கவில்லை. மகள் கறுப்பு மையைக் குறைத்துத் திரும்ப அனுப்பியிருக்கின்றாள். அடுத்த மாதிரி வருகின்ற கிழமை வரும் என்று அச்சகத்தார் சொல்லியிருக்கிறார்கள்.

முன்பதிவு இன்று காலை வரை 211. இன்னும் 77 வேண்டும்.